சுற்றுவிளக்கின் பதிவேட்டில் ஒரு மாலை

போன மாசியில் விமானப் போக்குவரத்துத் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி எனக்கு ஒரு புகைப்படமும் ஒரு படிவமும் அனுப்பியிருந்தார். படத்தில் ஜவ்வாது மலையின் ஒரு குன்று. அதன் உச்சியில் துருப்பிடித்த நாற்பதடி இரும்புக் கோபுரம். ஏணியில் பாதிப் படிகள் இல்லை. உச்சியில் கண்ணாடி இல்லை. ஆனாலும் அந்த உருளைக் கூடு அப்படியே நிற்கிறது. நாட்டில் மிஞ்சியிருக்கும் பழைய விமான வழிகாட்டி விளக்குகளைக் கணக்கெடுக்கிறார்களாம். கோபுரத்தின் அடியில் தமிழிலும் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். அந்த விளக்கில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

படிவத்தில் நான்கு கட்டங்கள். கட்டிய வருடம். முதலில் ஏற்றிய நாள். கடைசியாக எரிந்த நாள். நான்காவது, கொஞ்சம் பெரிய கட்டம்: குறிப்பு.

முதல் மூன்றையும் என் டைரிகளைப் பார்த்து ஒரே நாளில் நிரப்பிவிட்டேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதினேன். நான்காவது கட்டம் நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப நான் மறுபடி ஒருமுறை மலையேற வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது. துறையில் ஓய்வு பெற்றவர்களுக்கான நம் இதழில் சாதனைகளை எழுதுவது வழக்கம். இது சாதனை அல்ல.

அந்த விளக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தது என்று எனக்கு முன்பிருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இரவில் பறக்கும் விமானிகளுக்கு, 'இங்கே மலை இருக்கிறது, உயரத்தைக் குறைக்காதே' என்று சொல்வதற்காக வைத்தது. ஆபீஸ் கடிதங்களில் அது பீக்கன். மலைக்காரர்களுக்குச் சுத்துலைட்டு. ஆயிரம் வாட்ஸ் பல்பு, அதைச் சுற்றி என் மார்பளவு உயரத்துக்குக் கண்ணாடிப் பட்டைகள், கீழே ஒரு மோட்டார். கூடு நிமிடத்துக்கு ஆறு முறை சுற்றும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறை வெள்ளை வெளிச்சம் வெட்டும். மின்சாரத்துக்கு டீசல் எஞ்சின். ஆலங்காயத்திலிருந்து ஒரு ஜீப் பாதை குன்றின் அடியில் இருந்த ஊர் வரை வரும். அங்கிருந்து அரைமணி நேரம் ஏற வேண்டும். டீசல் டின்கள் தலைச்சுமையாகத்தான் வரும்.

ஐ.டி.ஐ. இரண்டு வருடம், மீனம்பாக்கத்தில் ஆறு மாதம் பயிற்சி. அதற்குப் பின் 1974 ஜூலையில் இந்தக் குன்றுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் மாற்றல் தருவோம் என்றார்கள். பத்து வருடம் இருந்தேன்.

எனக்குத் துணை ஒரே ஒருவர். வெள்ளையன். பதவிப் பெயர் கலாசி, அதாவது உதவியாள். கீழே இருந்த ஊர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை 'வெள்ளையண்ணே' என்பேன். அவர் என்னை 'லைட் சார்' என்பார். காவலூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்க்க வந்திருந்த ஆட்களையும் எங்களையும் ஊரில் சிலர் குழப்பிக்கொள்வார்கள். அவர்களிடம் வெள்ளையன் சொல்லும் விளக்கம் இது:

"அவுங்க மேல இன்னா கீதுன்னு பாக்குறவங்க. நாங்க மேல கீறவன் எங்கள பாக்கணும்னு குந்திகினு கீறவங்க."

எங்கள் வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மாலை மூன்று மணிக்குக் கண்ணாடித் துடைப்பு. முதலில் உலர்ந்த மான்தோல், பிறகு ஸ்பிரிட் தொட்ட துணி, மறுபடி மான்தோல். மேலிருந்து கீழாகத்தான் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் தூசு பட்டை இடுக்கில் தங்கும். பிறகு இரண்டு பல்புகளையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று போனால் மற்றொன்று தானாக அந்த இடத்துக்குத் திரும்பிவிடும். அஸ்தமன நேர அட்டவணை சுவரில் தொங்கும். அதில் உள்ள நிமிடத்துக்கு விளக்கை ஏற்றி, கோபுரத்தை விட்டு முப்பது தப்படி தள்ளி நின்று, ஸ்டாப் வாட்ச்சில் ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஆறு. அதைப் பதிவேட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைத்து, கடைசிப் பத்தியான 'குறிப்பு' என்பதில் ஏதும் இருந்தால் எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'ஏதுமில்லை' என்று எழுத வேண்டும். காலியாக விடக்கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு வேலை உண்டு. நாட்டிலுள்ள எல்லா வழிகாட்டி விளக்குகளையும் வரிசை எண் போட்டுக் குறித்த தடிமனான புத்தகம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்குத் திருத்தச் சீட்டுகள் ஓர் உறையில் வரும். மாறியதை வெட்டி ஒட்ட வேண்டும். நீக்கியதைச் சிவப்பு மையால் கோடு போட்டு அடிக்க வேண்டும். ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும். ஒரு தடவைக்கு நாற்பது ஐம்பது சீட்டு வரும். எனக்குப் பிடித்த வேலை. பசை வழியாமல் ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

1975 பிப்ரவரியில் ஒரு மாலை, எரிபொருள் குழாயில் காற்று அடைத்து எஞ்சின் நின்றது. காற்றை எடுத்துவிட்டு ஓட்டினேன், மறுபடி நின்றது. மூன்று முறை விளக்கு அணைந்து எரிந்தது. அன்று வெள்ளையன் வேலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதற்குள் நான்கு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு குன்றேறி வந்தார்கள். புளி உலுக்கப் போன இடத்தில் விரியன் கடித்திருக்கிறது. மலையில் சர்க்கார் கட்டடம் என்று இருந்தது எங்கள் கொட்டகை ஒன்றுதான். அங்கே மருந்து இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார்கள். என்னிடம் இருந்தது டிங்சர் ஒரு பாட்டில்.

என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி அவரை ஊருக்கு இறக்கிய நேரத்தில், பாதையில் ஜீப் வெளிச்சம் தெரிந்தது. ஆலங்காயம் பாஷா பாய். பேருந்து நிற்கும் இடத்தில் வாடகை ஜீப் வைத்திருந்தவர். எங்கள் டீசலைக் கொண்டுவருபவரும் அவர்தான்.

"இன்னா சார், நல்லாத்தான் கீறீங்களா?" என்று இறங்கினார். "டீக்கடையில குந்திகினு பாக்குறேன், உங்க லைட்டு மூணு தபா கண்ண மூடி மூடித் தொறக்குது. கரண்டு அடிச்சிப் போய்ட்டீங்களோன்னு வண்டிய எட்தாந்தேன்."

அந்த ஜீப்பில்தான் வெள்ளையன் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினோரு நாளில் திரும்பி வந்தார். வந்ததும் கண்ணாடிக் கூட்டைச் சுற்றி வந்து தொட்டுக் கும்பிட்டார்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. குன்றைச் சுற்றிய ஊர்களில் யாருக்காவது உயிர்போகும் அவசரம் என்றால் ஓர் ஆள் எங்களிடம் ஓடி வருவார். நான் விளக்கை மூன்று முறை, முறைக்கு ஒரு நிமிடம், அணைத்து ஏற்றுவேன். பாஷா பாய் கிளம்பிவிடுவார். ஒன்றரை மணி நேரத்தில் ஜீப் வந்து நிற்கும். 1976இல் ஒருமுறை, 1977இல் இருமுறை. மூன்றையும் பதிவேட்டில் எழுதினேன். நேரம் எழுதினேன், காரணமும் எழுதினேன்: பாறையிலிருந்து விழுந்தவர், வயிற்றுப்போக்கு, பிரசவம். மறைக்க வேண்டிய ஒன்றாக எனக்குத் தோன்றவே இல்லை.

1978 மார்ச்சில் புதிய மேலதிகாரி முதல் ஆய்வுக்கு வந்தார். பெயர் சேஷாசலம். உதவிப் பொறியாளர். ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விளக்குக் கூட்டுக்குள் வருவார். எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். வெள்ளைக் கைக்குட்டையால் ஒரே ஒரு கண்ணாடிப் பட்டையைத் துடைத்துப் பார்ப்பார். எந்தப் பட்டை என்று முன்கூட்டி யாராலும் ஊகிக்க முடியாது. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவரைப்போல் என்னைப் பயமுறுத்தியவர் வேறு யாருமில்லை.

ஏனென்றால் பதிவேட்டை அவர் படிக்கமாட்டார். நம்மைப் படிக்கச் சொல்வார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "படிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே உரக்கப் படிக்கும்போது எது உண்மை, எது சும்மா நிரப்பியது என்று நம் தொண்டையே காட்டிக்கொடுத்துவிடும். எங்காவது சந்தேகம் வந்தால் ஒரே கேள்விதான்.

"இது பார்த்ததா, நினைச்சதா?"

"நிமிஷத்துக்கு ஆறு சுற்று" என்று நான் படித்தபோது கேட்டார். பார்த்தது என்றேன். "மறுபல்பு நன்றாக உள்ளது" என்றபோது கேட்டார். நான் தயங்கினேன். "அப்ப நினைச்சது. போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. "இப்ப எழுதலாம்" என்றார்.

பழைய வருடங்களையும் படிக்கச் சொன்னார். 1977இல் 'பிரசவம்' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் கை பொட்டலத்தில் நின்றது.

"விளக்கை நீங்களே அணைச்சீங்களா?"

"ஆமாங்க சார். மூணு நிமிஷம். அந்தம்மா பொழச்சாங்க."

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபம் இல்லை. சின்ன வயதில் தான் ஒரு கம்பியில்லாத் தந்தி அறையில் வேலை செய்ததாகச் சொன்னார். மேகத்துக்குள் வழி தெரியாமல் சுற்றிய ஒரு விமானி கடைசியாகச் சொன்ன வாக்கியம், 'விளக்கு தெரியவில்லை' என்பது. அந்த விளக்கில் இருந்தவன் பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். மூன்று நிமிட வேலை.

"மேல போறவனுக்கு நீங்க யாருன்னு தெரியாது. நீங்க இருக்கீங்கன்னு மட்டும் தெரியும். அது போதும்னுதான் அவன் ஏறி உட்கார்றான்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, எக்காரணம் கொண்டும் விளக்கை நாங்களாக அணைப்பதில்லை என்று எழுதி, என் கையெழுத்தை வாங்கினார். வெள்ளையனுக்குப் படித்துக் காட்டி அவர் கைநாட்டையும் வாங்கினார். கூடவே, அவசரத்துக்கு இங்கே ஒரு டெலிபோன் வேண்டும் என்று தன் கைப்படவே ஒரு கோரிக்கையும் எழுதினார். அந்தக் கோரிக்கைக்கு நான்கு வருடத்தில் ஆறு நினைவூட்டல் எழுதினார். நகல்கள் என்னிடம் இருக்கின்றன. டெலிபோன் வரவில்லை.

பாஷா பாய்க்கு விஷயத்தைச் சொன்னேன். "ஆபீசர் சொன்னா சரி சார்" என்றார். "நான் எதுக்கும் ஒரு கண்ணு வச்சிக்கினு கீறேன். பழகிப்போச்சி."

இனி 1981 நவம்பர், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. தீபாவளி போய் இரண்டு வாரம். மூன்று நாளாக மழை. அஸ்தமனம் ஐந்து நாற்பத்தைந்து, ஏற்றிவிட்டேன். சுற்று ஆறு. மேகம் குன்றின் மேல் ஏறியும் இறங்கியும் இருந்தது. ஆலங்காயம் பக்கம் மட்டும் திறந்திருந்தது. பள்ளத்தில் பேருந்து நிற்கும் இடத்தின் விளக்குகள்கூடத் தெரிந்தன.

ஆறரைக்கு வெள்ளையன் வந்தார். மத்தியானமே விடுப்புக் கேட்டுக்கொண்டு போயிருந்தவர். மகள் ராணிக்குத் தலைப்பிரசவம். நனைந்த கம்பளியோடு கதவுக்குள் ஓரடி வைத்து நின்றார்.

"சார், புள்ள குறுக்க கீதாம். கை வெளிய வந்துட்ச்சி. மருத்துவச்சி இனிமே தன்னால ஆவாதுன்னுட்டா."

நான் எழுந்து நின்றேன். அவர் கேட்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

"மூணே மூணு தபா, சார்."

நான் பதிவேட்டை மூடினேன்.

"பாயி டீக்கடையாண்டதான் இருப்பாரு. எட்டு மணிக்குள்ள வந்துடுவாரு. கீழத் தூக்கினு போனா நாலு மணி நேரம் சார். வழியெல்லாம் சேறு."

"வெள்ளையண்ணே, கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"தெரியும் சார். நானும்தான் வச்சேன்." கட்டைவிரலைக் காட்டினார். காட்ட வேண்டும் என்று காட்டவில்லை. கை தானாக எழுந்தது.

அப்போது சத்தம் கேட்டது. மேகத்துக்கு மேலே, கிழக்கிலிருந்து மேற்காக, ஒரு விமானம். மழைச் சத்தத்துக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்தோம். என் மனதில் சேஷாசலம் சொன்ன அந்த வாக்கியம்தான் ஓடியது: விளக்கு தெரியவில்லை.

"மேல ஆளுங்க போறாங்க, அண்ணே" என்றேன். "இந்த மேகத்துல நம்ம லைட்டு ஒண்ணுதான் அவங்களுக்கு. இப்ப நிறுத்தினா மலையில வந்து மோதிடுவாங்க."

வெள்ளையன் சுவரைப் பார்த்தார். சுவிட்ச் கதவுக்கு இடப்பக்கம், அவர் தோளுயரத்தில் இருந்தது. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நான் எஞ்சின் பக்கம் ஆறடி தள்ளி நின்றேன்; தடுத்திருக்க முடியாது, தடுத்திருக்கவும் மாட்டேன் என்று இன்று நினைக்கிறேன். அவர் நீட்டவில்லை.

"எத்தினி பேரு இருப்பாங்க சார் அதுல?"

"நூறு பேர் இருப்பாங்க."

தலையை ஆட்டினார். "சரி சார், நாங்க தூக்கினு போறோம்" என்று இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே போகவில்லை. விளக்கை விட்டுப் போகக்கூடாது. ஏழு மணிக்கு மறுபடி சுற்றை எண்ணினேன். ஆறு. பதிவேட்டில் எழுதினேன்: 'ஒளி இடைவிடாமல். குறிப்பு: ஏதுமில்லை.'

கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி எட்டுப் பேர் மாறிமாறித் தூக்கியிருக்கிறார்கள். மலையிறங்கி ஆலங்காயம் அடிவாரத்துக்கு வந்தபோது பத்தரை. அங்கிருந்து பாஷா பாயின் ஜீப். ராணி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

இரண்டு நாள் கழித்து டீசல் டின்களோடு பாஷா பாய் வந்தார். டின்களை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"லைட்டு அன்னிக்கி நல்லா எரிஞ்சிச்சி சார். நான் அதப் பாத்துக்கினேதான் டீ குடிச்சிகினு இருந்தேன்."

குத்திக்காட்டும் மனிதர் அல்ல அவர். நடந்ததைத்தான் சொன்னார்.

ஜீப் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்பது பார்த்ததல்ல, நினைத்தது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரமாவது முன்னதாக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள் என்பது கணக்கு.

ஐந்தாம் நாள் வெள்ளையன் வேலைக்கு வந்தார். மான்தோலை எடுத்து மேலிருந்து கீழாகத் துடைக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்கி மேல போனவங்க நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்களா சார்?"

"சேர்ந்துட்டாங்க, அண்ணே."

"பேப்பர்ல ஒண்ணும் வர்லியே?"

"விபத்து நடந்தாத்தான் பேப்பர்ல வரும்."

"அப்ப நம்ம லைட்டாலதான்" என்று துடைப்பைத் தொடர்ந்தார்.

அதன்பின் அந்த நூறு பேரைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். அதில் கைக்குழந்தைகளும் இருந்திருக்கும் என்பார். ஊரில் யார் கேட்டாலும் சொல்வார்: என் பேரன் ஒருத்தன் போனான், மேல நூறு பேர் பிழைத்தார்கள். ராணியிடமும் அப்படித்தான் சொல்லி வந்தார். நானும் நம்பினேன். நம்பாவிட்டால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க முடியாது.

1984 ஆகஸ்டில் விளக்கை மூடும்படி உத்தரவு வந்தது. சேஷாசலம் அதற்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். உத்தரவு நான்கு வரிதான். ரேடியோ கருவிகள் வந்துவிட்டதால் இனி இந்த விளக்கு தேவையில்லை. ஏற்கெனவே இன்ன எண்ணுள்ள திருத்தச் சீட்டின்படி பட்டியலிலிருந்தும் விமானிகளின் வரைபடத்திலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே எரிபொருள் வழங்குவதை நிறுத்தலாம்.

ஏற்கெனவே என்ற சொல் என்னை உறுத்தியது. எந்தத் தேதி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. பட்டியல் புத்தகத்தை எடுத்து அந்தச் சீட்டு எண்ணைத் தேடினேன். பழைய போர்க்கால விளக்குகளுக்கு அந்தப் புத்தகத்தில் ஊர்ப்பெயர் கிடையாது. வரிசை எண்ணும் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைக் கணக்கும் மட்டும்தான். எண்ணைப் பார்த்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். ஒரு வரியின் மேல் சிவப்புக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட நேரான கோடு. ஓரத்தில் என் சுருக்கொப்பம். 1979 ஜூன் என்று என் கையெழுத்தில் தேதி.

சுவரில் மாட்டியிருந்த எங்கள் விளக்கின் பாகைக் கணக்கை அந்த வரியோடு ஒப்பிட்டேன். அதேதான்.

என் விளக்கை நானே அடித்திருக்கிறேன். ஐம்பது சீட்டுகளோடு ஒரு சீட்டாக, எண்ணுக்கு எண் பொருத்தி, பசை வழியாமல், மை தீற்றாமல். வாசிக்கவில்லை. விளக்குப் பராமரிப்பு ஒரு பிரிவு, வரைபடம் வேறு பிரிவு. ஒருவர் நீக்கினார், மற்றவர் டீசல் அனுப்பிக்கொண்டே இருந்தார். சேஷாசலத்துக்கும் அது தெரிந்திருக்காது. இரண்டையும் இணைக்கும் ஒரே தாள் இந்தியாவில் ஒரே ஒருவன் மேஜைக்கு வந்தது, அவன் அதைச் சுத்தமாகக் கோப்பில் சேர்த்துவிட்டான்.

1979 ஜூனிலிருந்து 1981 நவம்பர் வரை இரண்டு வருடம் ஐந்து மாதம். அன்று மாலை மேகத்துக்கு மேலே போன விமானத்தில் இருந்த யாரும் எங்கள் விளக்கைத் தேடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்கள் வரைபடத்தில் இல்லை. அந்த விளக்கை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். ஆலங்காயம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

இதை நான் வெள்ளையனிடம் சொல்லவில்லை. கடைசி நாள் அவரே மான்தோலை உதறி மடித்து என்னிடம் கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரிடமிருந்து அந்த நூறு பேரையும் பிடுங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது கருணை அல்ல. என் சுருக்கொப்பம் வெளியே தெரிய வேண்டாம் என்பதுதான். அவர் 1996 தையில் காலமானார். அந்தச் சாவுக்கும் நான் போகவில்லை. அப்போது நாகபுரியில் வேலையில் இருந்தேன்.

படிவம் வந்தபின் அந்தப் புத்தகப் பக்கம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஊர்க்காரர்கள் படிக்கப்போகும் பலகை. அதில் 'விமானங்களைக் காத்த விளக்கு' என்று எழுதிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனி மாதம் ஒரு காலையில் பஸ் பிடித்து ஆலங்காயம் போய், ஜீப்பில் ஏறிவிட்டேன். பாஷா பாய் இல்லை. அவர் மகன் வழிப் பேரன் ஓட்டுகிறான்.

ராணிக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். வீட்டு வாசலில் அரிவாள்மணையை வைத்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"லைட் சாரா? தல இன்னா சார் இப்பிடி பஞ்சாப் போச்சி!"

"உனக்கு ஒரு முடிகூட நரைக்கலியே?"

"அது ஆலங்காயத்துல பாக்கெட் பத்து ரூபா" என்று சிரித்தாள். பின்னால் பிறந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னாள். இருவரையும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பத்து நாள் முன்பே போய்ப் படுத்துத்தான் பெற்றாளாம். மோர் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு நான் சொல்லத் தொடங்கினேன். சீட்டு, சிவப்புக் கோடு, தேதி, விமானம். விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

முடித்ததும் கொட்டை எடுத்த புளியை ஒதுக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தச் சுச்சு எங்க இருந்துச்சி சார்?"

"கதவுக்கு இடது பக்கம்."

"எங்கப்பா எங்க நின்னாரு?"

"கதவாண்டதான்."

"கைக்கு எட்டுமா?"

"எட்டும்."

அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். "நாப்பது வருசமா எனக்கு அது ஒண்ணுதான் சார். நீங்க சர்க்கார் ஆளு, உங்க ரூல் உங்களுக்கு. எங்கப்பா ஏன் கை நீட்டல? கேட்டா நூறு பேரு, நூறு பேருன்னுவாரு. அந்த நூறு பேரு எனக்கு யாரு? அவரு சாவுற வரைக்கும் நான் அவராண்ட செரியா பேசல சார்."

எனக்கு இது தெரியாது. பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தும் தெரியாது.

"அவர்மேல தப்பு இல்ல, ராணி. நூறு பேர்னு சொன்னது நான். நிறுத்தினா மோதிடுவாங்கன்னு சொன்னதும் நான்தான். அவர் நான் சொன்னதை நம்பினார்."

"நீங்க?"

"நானும் நம்பினேன். பார்க்கல."

அவள் கொட்டைகளை ஒரு முறத்தில் கூட்டி அள்ளினாள். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இத்த அப்பயே வந்து சொல்லியிருந்தா எங்கப்பாவாண்ட நான் பேசியிருப்பேனே சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் எழுந்தபோது, பலகையில் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டாள். எது எழுதினால் சரியென்று நான் அவளையே திருப்பிக் கேட்டேன்.

"அவரு பேர எழுதுங்க. பத்து வருசத்துக்கு மேல அந்தக் கண்ணாடியத் தொடச்சிருக்காரு." முறத்தை ஓரமாக வைத்தாள். "புள்ளைக்குப் பேரு வெக்கல. இன்னான்னு எழுதுவீங்க? தேதிகூட எனக்கு நெனப்பு இல்ல. மழ, செவ்வாக்கெழம."

"தேதி எனக்குத் தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அன்று மாலையே நான்காவது கட்டத்தை நிரப்பினேன். பலகையில் அவர்கள் இதைப் போடுவார்களா, மாட்டார்களா என்று தெரியாது. எழுதியதை வழக்கப்படி ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தேன். எந்த வரியிலும் தொண்டை தயங்கவில்லை.

'குறிப்பு: 1981 நவம்பர் 10, செவ்வாய், மாலை 6.30. ஓர் உயிருக்காக விளக்கை மூன்று நிமிடம் அணைக்கும்படி கேட்கப்பட்டது. அணைக்கவில்லை. கேட்டவர் வெள்ளையன், கலாசி. மறுத்தவன், கீழே கையெழுத்திட்டுள்ள நான். அன்று வானத்திலிருந்து இந்த விளக்கை யாரும் எதிர்பார்க்கவில்லை.'